மாநகராட்சி பட்ஜெட்டில் எங்கள் பகுதிப் பள்ளிக்கு நியாயமான நிதி கிடைக்கப் பெற்றோர் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். ஆனால் பட்ஜெட் வாசித்து முடித்த பிறகு மனுவோடு போனால் பயன் குறைவு. மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. அதற்கான கணக்கைச் சில மாதம் முன்பே போடத் தொடங்கிவிடுவார்கள். அதனால் நவம்பர், டிசம்பருக்குள் உங்கள் கோரிக்கை எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நான் தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், இது நம் பணம். 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தை வைத்துத்தான் நம் ஊர்களில் சொத்து வரியோடு கல்வி வரியும் வாங்குகிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுக்கிறார்கள். அதே 1920இல்தான் சென்னையில் பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளிக்கூடம் ஒரு மாநகராட்சியின் அடிப்படை வேலை என்பது அன்றைக்கே ஒப்புக்கொண்ட விஷயம். கைகட்டி நின்று கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, பட்ஜெட் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வழக்கமாக அதில் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். செய்திகளில் அடிபடுவது கடைசித் தொகை மட்டும்தான். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் இரண்டு. ஒதுக்கிய பணத்தில் பாதி செலவாகாமல் திரும்பியிருந்தால், புதிதாகக் கூட்டிக் கேட்பதைவிட அது ஏன் திரும்பியது என்று கேட்பதுதான் அதிகாரிகளை அசைக்கும். புத்தகத்தில் விவரம் போதவில்லையென்றால், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மண்டலத்தில் எந்தப் பள்ளிக்கு மூன்று வருடமாக எவ்வளவு செலவானது என்று பள்ளிவாரியாகக் கேளுங்கள்.

பள்ளிவாரியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாப் பள்ளிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் அது நியாயம் ஆகிவிடாது. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக நகரம் விரிந்தது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வந்தது பத்து ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான். எங்கே குறை அதிகமோ அங்கே கூடுதலாகப் போக வேண்டும்.

அப்புறம், கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு டைல்ஸ் ஒட்டிய புதுக் கழிப்பறை வந்தது. கழுவ ஆள் போடவில்லை. மோட்டார் பழுதானதும் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகாமல் இருக்கவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்; மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினார்கள். இதைப் பார்த்துவிட்டு எந்த அம்மாவால் சும்மா இருக்க முடியும்?

இந்த இடத்தில்தான் சட்டம் கைகொடுக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி, மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அடிப்படையாக வைத்தே அரசும் உள்ளாட்சியும் நிதி தர வேண்டும். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். எனவே “அடிப்படை வசதி வேண்டும்” என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒரு மோட்டார், தினமும் வரும் ஒரு தூய்மைப் பணியாளர், மாதச் செலவு இவ்வளவு என்று தீர்மானத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் அதையே பதிவு செய்யுங்கள். பக்கத்துப் பள்ளிப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டால், நம் பள்ளிக்கு வந்தது அவர்களிடமிருந்து பிடுங்கியதாக இருக்காது.

பட்ஜெட்டில் வந்துவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் முதலே, மதிப்பீடு போட்டாயிற்றா, டெண்டர் விட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு மோட்டார் வந்துவிட்டது. தூய்மைப் பணியாளர் இப்போது அரை நாள்தான் வருகிறார். முழு நாளுக்கான தீர்மானத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கிறோம்.