மறு: சிறுநீர் தாராளமாகப் போகிறதே, பிறகு எப்படிச் சிறுநீரகக் கோளாறு?

வணக்கம். பெரம்பூரில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய், சிறுநீர்ப் பரிசோதனையில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் இரண்டு பிளஸ். ஆனாலும் "தாராளமாகப் போகிறது, எனக்கு ஒன்றுமில்லை" என்று மருத்துவரிடம் வர மறுக்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

சிறுநீரின் அளவு இங்கே சாட்சியே அல்ல. ஆரோக்கியமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் நுண்குழல்கள் வழியே இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்தாலும் சிறுநீர் வழக்கம்போலப் போகும், வலியும் இருக்காது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டி அலகுகள். அவற்றின் தொடக்கத்தில் உள்ள மிக மெல்லிய இரத்தக் குழாய்களின் (தந்துகி) முடிச்சில்தான் வடிகட்டல் நடக்கிறது. காபி வடிகட்டியில் டிகாஷன் இறங்கித் தூள் தங்குவதுபோல, நீரும் யூரியாவும் இறங்க, இரத்த அணுக்களும் ஆல்புமினும் மேலே நிற்க வேண்டும். காய்ச்சலின்போதும் ஆல்புமின் சிறிது கசியலாம். சர்க்கரை நோயாளிக்குத் தொடர்ந்து கசிந்தால் அந்த வடிகட்டியின் சுவர் பழுதாகிறது என்றே பொருள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, மூட்டுவலிக்கு அவரே கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக். அது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்; சென்னை வெயிலில் உடல் வறண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். மாற்று மருந்தை மருத்துவர் சொல்லட்டும்.

காலைச் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்), இரத்தத்தில் கிரியாட்டினின், இரத்த அழுத்தம் மூன்றையும் இந்த வாரமே பாருங்கள். செலவுதான் தயக்கமென்றால், உங்களுக்கு அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. அவர் போடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.