மலைத்தோட்டத்து ஏடிவிக்கு எந்தக் கூலன்ட் ஊற்றுவது?

கேள்வி (கூடலூரிலிருந்து ஒரு வாசகர்): தேயிலைத் தோட்டத்துக்குள் உர மூட்டை ஏற்றிச் செல்வதற்காக, ரேடியேட்டர் உள்ள ஏடிவி (கரடுமுரடான தரையிலும் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். அதில் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட், இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. இப்போது அளவு குறைந்துவிட்டது. ஊரில் உள்ள ஸ்பேர் கடைக்காரர் பச்சை நிறக் கூலன்டைக் காட்டி, எல்லாம் ஒன்றுதான் என்கிறார். வண்டியை முடித்துக் கொடுத்த தரகர், வெளிநாட்டு ‘ஏடிவி ஸ்பெஷல்’ கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், தானே வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். மெக்கானிக்கோ, நம் ஊரில் ஐஸ் கட்டுவதில்லை, பச்சைத் தண்ணீரே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். வண்டியுடன் ஒரு கையேடு வந்திருக்க வேண்டும். பழைய வண்டி என்பதால் அது உங்கள் கைக்கு வராமல் போயிருக்கலாம். அப்படியானால் வண்டியின் மாடல் பெயரை இணையத்தில் தேடிக் கம்பெனியின் கையேட்டையே இறக்கிக்கொண்டு, அதில் கூலன்டைப் பற்றிய அரைப் பக்கத்தை மட்டும் படியுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கப்போவது இவ்வளவுதான்: எத்திலீன் கிளைக்கால் (தண்ணீரை எளிதில் உறையவும் கொதிக்கவும் விடாத திரவம்) அடிப்படையிலானது, அலுமினிய எஞ்சினுக்கு உரிய துரு தடுப்பான் சேர்ந்தது, காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கலந்தது. ஜப்பானியத் தயாரிப்பு என்றால் ‘சிலிக்கேட் இல்லாதது’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கலாம்; சிலிக்கேட் என்பது துரு தடுக்கச் சேர்க்கும் ஒரு வகை உப்பு. இந்த விவரங்களுக்குப் பொருந்தும் கூலன்ட், மோட்டார்சைக்கிளுக்கும் காருக்கும் விற்கும் நல்ல கம்பெனி டப்பாக்களிலேயே கிடைக்கும். ஏடிவிக்கென்று தனியாக ஒரு திரவத்தை யாரும் கடைந்து எடுக்கவில்லை.

நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். கூலன்டின் நிறம் சாயம் மட்டுமே. எந்த வேதிப்பொருளுக்கு எந்த நிறம் என்று எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் பச்சை பழைய சிலிக்கேட் வகையாகவும், இன்னொரு கம்பெனியின் பச்சை புதிய கரிம அமில வகையாகவும் இருக்கும். அதனால் கடைக்காரர் சொன்ன ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பதும் தவறு, இளஞ்சிவப்புக்கு இளஞ்சிவப்பையே தேடி அலைவதும் வீண். பொருந்தாத இரண்டு வகைகள் கலந்தால் துரு தடுக்கும் ஆற்றல் குறையும். சில சமயம் கஞ்சி போலத் திரிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். முந்தைய சொந்தக்காரர் எதை ஊற்றினார் என்று தெரியாத நிலையில், இருப்பதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே சரி. இந்த வண்டிகளுக்குப் பொதுவாக இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெக்கானிக்கின் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலன்ட் உறையாமல் காப்பதற்கு மட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ரேடியேட்டர் மூடியைப் பிரஷர் குக்கரின் வெயிட்டாக நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே அழுத்தம் ஏற ஏற, திரவம் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், மூடியின் அழுத்தமும் சேர்ந்தால், ஏறத்தாழ 125 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். வெறும் தண்ணீர் அதற்குச் சில டிகிரி முன்பே பொங்கிவிடும். மலையில் இது இன்னும் மோசம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுகிறது. மூட்டை ஏற்றிக்கொண்டு முதல் கியரில், காற்று வீசாத வேகத்தில் மேடேறும் எஞ்சினுக்கு அந்தச் சில டிகிரிதான் உயிர். அது போக, எஞ்சினின் அலுமினியத்தை அரிக்காமல் காப்பதும், வாட்டர் பம்ப் சீலை வறண்டு தேயாமல் வைத்திருப்பதும் தண்ணீரால் ஆகாது. சிலிக்கேட் மிகுந்த கூலன்டை ஜப்பானியர்கள் தவிர்க்கச் சொல்வதும் அந்தச் சீலுக்காகத்தான். சிலிக்கேட் துகள் அதை அராவிவிடும். பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். உங்கள் வண்டியில் அளவு குறைந்ததாக எழுதியிருக்கிறீர்கள்; எதை ஊற்றலாம் என்று கேட்பதற்கு முன், இந்தத் துளையைப் பார்க்கச் சொல்வேன்.

இனித் தரகர்கள். வண்டி விற்றவர் கூலன்டும் விற்கிறேன் என்றால், அதை உதவியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெளிநாட்டு டப்பாவிலும் உள்ளே இருப்பது அதே கிளைக்கால்தான். விலையில் பெரும்பகுதி டப்பாவின் படத்துக்கும் அவருடைய பங்குக்கும் போகிறது. ஆனால் அவரை விட எனக்கு அதிகக் கோபம் இருப்பது, ஐந்து லிட்டர் கேனில் பேர் தெரியாத பச்சைத் திரவத்தை ஊற்றி விற்பவர்கள் மீது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் அப்படி ஒரு கேனை நானே வாங்கினேன். சந்தேகம் வந்து, சிறு பிளாஸ்டிக் புட்டியில் கொஞ்சம் எடுத்துப் பட்டறையில் கிடந்த பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தேன். காலையில் புட்டி விரிசல் விட்டு, உள்ளே பச்சை நிறத்தில் ஒரு ஐஸ் கட்டி, சுத்தியலால் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் அளவுக்கு இறுகியிருந்தது. பாதிக்குப் பாதி கலந்த உண்மையான கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 அளவில்தான் இருக்கும். ஆக அவர் எனக்கு விற்றது, பெயருக்கேற்றபடி, நிஜமாகவே பச்சைத் தண்ணீர். (உணவு வைக்கும் ஃபிரிட்ஜில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எத்தனை பங்கு கிளைக்கால் என்று காட்டிவிடும்.)

கூலன்டுக்கு ஐஎஸ் 5759 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஜப்பானில் ஜேஐஎஸ் கே 2234, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி3306. இந்த எண்களில் ஒன்றேனும் டப்பாவில் இல்லையென்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். டப்பாவின் மேல் விலையும், தயாரித்த மாதமும், புகார் சொல்லத் தொலைபேசி எண்ணும் அச்சிட வேண்டும் என்று கறாராக இருக்கும் நிர்வாகத்துக்கு, உள்ளே கிளைக்கால் எத்தனை சதவீதம், சிலிக்கேட் உண்டா இல்லையா என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்கத் தோன்றவில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் கிடைக்கும் விவரம், லட்ச ரூபாய் எஞ்சினுக்குள் போகும் திரவத்துக்குக் கிடைப்பதில்லை. ‘எல்லா வாகனங்களுக்கும் ஏற்றது’ என்ற வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

கலந்து தயாராக வரும் வகையையே வாங்குங்கள். அடர் கூலன்டை வாங்கினால், அதை அப்படியே ஊற்றுவது நல்லது என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். தண்ணீர் சேராத கிளைக்கால் வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும். மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்தும் விடும். கலக்கத் தண்ணீர் வேண்டுமானால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர்தான். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தோட்டத்தில் அதுதான் நடக்கும். ஆள் அரவமற்ற இடத்தில் ஆவி பறக்க வண்டி நின்றுவிட்டால், கையில் கூலன்ட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், தண்ணீர் ஊற்றலாம். ஆனால் எஞ்சினை அணைத்து, முழுவதும் ஆறும் வரை, ஒரு மணி நேரமானாலும், காத்திருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீர் பட்டால் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம். பிறகு மூடியின் மேல் துணியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருகி, சீறல் நின்றதும் திறந்து, குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஓடைத் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் துணியில் வடிகட்டுங்கள். இரண்டு லிட்டர் பிடிக்கும் வண்டியில் கால் லிட்டர் ஊற்றியிருந்தால் கிளைக்கால் 50 சதவீதத்திலிருந்து 44 அளவுக்குத்தான் இறங்கும். கசிவைச் சரிசெய்துவிட்டு ஓட்டலாம். ஒரு லிட்டர் ஊற்றியிருந்தால் 25க்கு இறங்கிவிடும். வீடு சேர்ந்த அன்றே வடித்து மாற்றுங்கள். தண்ணீர் என்றால் தண்ணீர்தான். ஃபிளாஸ்கில் இருந்த சர்க்கரை போட்ட கட்டஞ்சாயாவை ஊற்றிக்கொண்டு வந்த வண்டி ஒன்றின் ரேடியேட்டரை நான் மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது.

புதிதாக நிரப்பியதும் வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஓடவிட்டால் உள்ளிருக்கும் காற்று குமிழ்விட்டு வெளியேறும். அளவு இறங்க இறங்க நிரப்பி மூடுங்கள். கையேட்டில் காற்று எடுக்கத் தனித் திருகாணி காட்டியிருந்தால் அதன்படி செய்யுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிந்தால் சூடாகாது என்றோ, கசிவை அடைக்கும் பொடி போடலாம் என்றோ மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி அதன் பிறகும் சூடானால், குறை பெரும்பாலும் கூலன்டில் இருக்காது. ரேடியேட்டரின் முகத்தில் அப்பியிருக்கும் செம்மண்ணில் இருக்கும். அதைத் தோட்டத்துக் குழாயில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெல்லிய வேகத்தில் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுப் போகும் வழி அடைபட்டுவிடும்.

வடித்த கூலன்டைத் தட்டில் விட்டுவிட்டு அப்பால் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தோட்டத்து நாய்கள் நக்கும், கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய் இறந்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. ஓடையிலும் தேயிலைச் செடி அடியிலும் கொட்டாமல், மூடியுள்ள கேனில் ஊற்றி, விஷம் என்று எழுதி ஒட்டி, பழைய எஞ்சின் ஆயிலைச் சேகரிக்கும் பட்டறை எதுவும் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டு அங்கே கொடுத்துவிடுங்கள்.