குண்டு விழும் முன் அகழியைக் காலி செய்த ஹைன்ரிச்சி

இரண்டாம் உலகப் போரில் தற்காப்புச் சண்டையில் தேர்ந்த ஜெர்மன் தளபதி யார், அவர் கையாண்ட முறை என்ன என்பது கேள்வி. பலரும் மான்ஸ்டைன், மோடல் என்பார்கள். நான் கோட்ஹார்ட் ஹைன்ரிச்சியைச் சொல்வேன்.

1886-ல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர், பாதிரியார் மகன். 1942 ஜனவரியில் மாஸ்கோவுக்கு மேற்கே நொறுங்கிக்கொண்டிருந்த ஜெர்மனியின் 4-வது ஆர்மி அவர் கைக்கு வந்தது. 1943 இலையுதிர் காலத்தில் பெலாரஸின் ஓர்ஷா பகுதியில் சோவியத் படை அலை அலையாக மோதியும் அதை உடைக்க முடியவில்லை. காரணம் வீரம் மட்டுமல்ல. பீரங்கிகளைத் தாக்குதல் வரும் குறுகிய பகுதியில் குவித்தார். களைத்த பட்டாலியன்களைச் சிதைவதற்கு முன்பே பின்னுக்கு எடுத்துப் புதியவற்றை நிறுத்தினார்.

அவருடைய பேர்பெற்ற உத்தி இது: எதிரியின் பீரங்கிக் குண்டுமழை தொடங்குவதற்குச் சற்று முன், இரவோடு இரவாக முன்வரிசை அகழியைக் காலி செய்து, படையை இரண்டாம் வரிசைக்குக் கொண்டுபோவது. முன்னால் சிலரை மட்டும் விட்டுவைப்பார்கள். குண்டுகள் வெற்று மண்ணைத்தான் உழும்.

கேட்க எளிது, செய்வது கடினம். இரண்டாம் வரிசை முன்பே தோண்டித் தயாராக இருக்க வேண்டும், தொலைபேசிக் கம்பியும் போட்டிருக்க வேண்டும். சீக்கிரம் விலகினால் எதிரி சும்மா வந்து அகழியில் உட்கார்ந்துகொள்வான். தாமதித்தால் திறந்த வெளியில் குண்டில் சிக்குவீர்கள். எல்லாமே நேரக் கணிப்பு. அதற்குப் பிடிபட்ட கைதிகள் சொல்வதும் எதிரியின் வேவுத் தாக்குதல்களுமே (பெருந்தாக்குதலுக்கு முன் பலம் பார்க்க நடத்தும் சிறு தாக்குதல்கள்) ஆதாரம்.

1945 மார்ச் 20-ல் நாஜி SS படைத் தலைவர் ஹிம்லரிடமிருந்து, பல ஆர்மிகள் சேர்ந்த விஸ்துலா படைத்தொகுதியைப் பெற்றார். பெர்லினுக்குக் கிழக்கே ஓடர் ஆற்றை ஒட்டிய சீலோ மேட்டை முக்கிய வரிசையாக்கினார். ஆற்றின் மேல்பகுதியில் நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட, பனி உருகி ஏற்கெனவே ஊறியிருந்த தாழ்நிலம் சதுப்பானது. ஏப்ரல் 14-ல் சோவியத் தளபதி ஷுகோவ் நடத்திய வேவுத் தாக்குதலே பெருந்தாக்குதல் நெருங்கிவிட்டதைக் காட்டிக்கொடுத்தது. 15 இரவு முன்வரிசை காலியானது. 16 விடியுமுன் இறங்கிய குண்டுமழையில் பெரும்பகுதி வீண். சோவியத் படை ஏற்றிய 143 தேடுவிளக்குகளின் ஒளி புகையிலும் புழுதியிலும் பட்டுத் திரும்பி, முன்னேறிய சோவியத் வீரர்களின் கண்ணையே கூசவைத்தது. பொறுமையிழந்த ஷுகோவ் டாங்கி ஆர்மிகளை முன்கூட்டியே இறக்கியதில் சேற்றுப் பாதைகள் அடைத்துக்கொண்டன.

ஆனாலும் 19-ல் மேடு முழுவதும் விழுந்துவிட்டது. தாக்குதலுக்குச் சில நாள் முன்பே ஹிட்லர் அவருடைய டாங்கிப் படையில் கணிசமான பகுதியைத் தெற்கே இன்னொரு ஜெர்மன் தளபதியான ஷோர்னரிடம் அனுப்பியிருந்தார், எரிபொருளும் இல்லை, தெற்கில் இன்னொரு சோவியத் தளபதி கோனேவ் நைசே ஆற்றைக் கடந்து பக்கவாட்டைத் திறந்துவிட்டார். உத்தி நேரம் வாங்கித்தரும், ஆளையும் டாங்கியையும் தராது. மாதக் கடைசியில் அனுமதியின்றிப் பின்வாங்கவிட்டார் என்று ஜெர்மன் ராணுவத் தலைமையகத் தலைவர் கைட்டெல் அவரைப் பதவிநீக்கினார்.

ஹைன்ரிச்சியை அரசியல் தெரியாத நல்ல சிப்பாய் என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம். பார்ட்டிசான்களை (ஜெர்மன் படையை எதிர்த்த கெரில்லாக்களை) தன் ஜன்னலிலிருந்து 100 மீட்டருக்குள் தூக்கிலிட வேண்டாம், காலையில் பார்க்க நன்றாக இல்லை என்று சொன்னதை 1941-ல் அவரே குறித்துவைத்திருக்கிறார். தூக்கு தவறென்று தோன்றவில்லை, இடம்தான் தொந்தரவு! பிரிட்டிஷ் சிறையிலிருந்து 1948-ல் விடுதலையானார், 1971-ல் இறந்தார். இடையில் மேற்கத்திய எழுத்தாளர்களிடம் விரிவாகப் பேசினார். ஆகவே சீலோ கதையில் ஹிட்லரின் முட்டாள்தனம் பெரிதாகவும், அவருடைய குறைகள் சிறிதாகவும் தெரிவதைக் கணக்கில் கொண்டே படியுங்கள்.