தளம் போட்டாயிற்று, பெட்டி கட்டலாமா?

கேள்வி: ஐயா, சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். குடும்பத்தோடு வெளியூர் போய் வரவேண்டும் என்று தனியாகக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தேன். "அதையும் வீட்டில் போட்டுவிடலாம், கட்டி முடித்த பிறகு நிம்மதியாகப் போகலாம்" என்கிறார் கணவர். மகனுக்குப் பத்து வயது. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் உங்கள் பக்கம்தான். கட்டட வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், "கட்டி முடித்த பிறகு" என்று ஒரு நாள் எந்த வீட்டுக்கும் வந்து நான் பார்த்ததில்லை. குடிபோன பிறகுதான் அலமாரி, திரைச்சீலை, சுற்றுச்சுவர், கேட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் குறைந்தது பத்து சதவீதமாவது எதிர்பாராத செலவுக்கென்று கையில் இருக்கிறதா? இருந்தால் பயணப் பணத்தைத் தொட வேண்டாம். இல்லையென்றால், அந்தப் பணம் எதற்குப் போகப் போகிறது என்று கணவரிடம் கேளுங்கள். அஸ்திவாரம், கம்பி, நீர்க்கசிவுத் தடுப்பு என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுங்கள். இவற்றைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. ஃபால்ஸ் சீலிங், விலை உயர்ந்த குழாய் என்று சொன்னால் கொடுக்காதீர்கள். அவற்றை எந்த வருடமும் போட்டுக்கொள்ளலாம், பையனுக்குப் பத்து வயது இந்த வருடம் மட்டும்தான். கடன் வாங்கி ஊர் சுற்றுவதற்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.

கேள்வி: வேலை நடக்கும்போது ஒரு வாரம் சைட்டை விட்டுப் போகலாமா? போனால் எந்தக் கட்டத்தில்?
- ஒரு வாசகர்

பதில்: போகலாம். கட்டட வேலையிலேயே அதற்கொரு இடைவெளி இருக்கிறது. மேல்தளம் போட்டு முடித்த பிறகு அதைத் தாங்கும் முட்டுகள் அடியில் காடு மாதிரி நிற்கும். அவற்றைப் பிரிக்கும் வரை உள்ளே பூச்சு வேலையோ தரை வேலையோ தொடங்க முடியாது. சின்ன தளத்துக்கு ஒரு வாரம், அகலமான தளத்துக்கு இரண்டு வாரம், பெரிய பீம் இருந்தால் இன்னும் கூட. சரியான கணக்கை உங்கள் பொறியாளர் சொல்லட்டும். அந்த நாட்களில் சைட்டில் நடக்கும் முக்கியமான வேலை ஒன்றுதான்: தண்ணீர் விடுவது.

அந்த ஒரு வேலையை ஏனோதானோ என்று விட்டுவிடக் கூடாது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. முதல் 7 நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமை வரும். முழு வலிமையை 28-ஆம் நாள் சோதனையில்தான் கணக்கிடுவார்கள். முதல் வாரம் ஈரம் போனால் மேற்பரப்பில் விரிசல் விழும், பிறகு என்ன பூசினாலும் மனசு ஆறாது. அதனால் தளம் போட்ட அன்று இரவே வண்டி ஏறாதீர்கள். மேலே பாத்தி கட்டி, தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, காலையும் மாலையும் வற்றாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊரில் இல்லாமல் இருக்கவே கூடாத நாட்களும் உண்டு. கம்பி கட்டி முடித்து கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நாள் அதில் ஒன்று. கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா, கம்பி நேரே பலகையில் படுத்திருக்கிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும். அப்புறம், சுவரைக் கொத்தி மின் குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்து, பூச்சு பூசுவதற்கு முந்தைய நாட்கள். ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது எந்த இடத்தில் குழாய் ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும். குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்க்கும்போதும் இருங்கள்.

கேள்வி: எங்களுக்குக் கிடைப்பது நாலைந்து நாள்தான். அது பிள்ளைகளின் மனதில் நிற்குமா?
- ஒரு வாசகி

பதில்: நிற்கும். எத்தனை நாள் போனோம் என்பதை மனசு அவ்வளவாகக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. டேனியல் கானெமன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையை 14 டிகிரிக் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைப்பது ஒன்று. அதே 60 விநாடியோடு, லேசாகச் சூடேறும் நீரில் இன்னும் 30 விநாடி வைப்பது மற்றொன்று. எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் நீளமானதையே கேட்டார்கள், அதன் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால்.

பயணத்தின் முடிவையும் இப்படி இதமாக்கிப் பாருங்கள். பிள்ளைகள் அதிகம் ஆசைப்படுவதைக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் வையுங்கள். கடைசி நாளில் எதையும் திணிக்காதீர்கள். முக்கியமாக, திரும்பும் வழியில் "அப்படியே சைட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவோம்" என்ற பேச்சே வேண்டாம்! மேஸ்திரியோடு நடக்கும் வாக்குவாதம்தான் பிள்ளைகளுக்குப் பயணத்தின் முடிவாக நினைவிருக்கும். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காத்திருப்பதிலேயே பாதி சந்தோஷம் கிடைத்துவிடும்.

கேள்வி: என் கணவர் எங்கே போனாலும் சைட்டுக்கே போன் போட்டுக்கொண்டிருப்பார். என்ன செய்வது?
- இன்னொரு வாசகி

பதில்: போனைப் பிடுங்காதீர்கள், சண்டைதான் வரும். மாலையில் ஒரு பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுங்கள். தண்ணீர் தேங்கிய தளத்தின் படம் ஒன்றை அந்த நேரத்துக்கு அனுப்பச் சொல்லி மேஸ்திரியிடம் பேசிவைத்தால் போதும். டைல்ஸ் நிறம், கதவின் வேலைப்பாடு போன்றவற்றைப் போன் படத்தைப் பார்த்து முடிவுசெய்ய மட்டும் விடாதீர்கள். திரையில் தெரியும் நிறம் வேறு, கையில் வரும் நிறம் வேறு. "ஊருக்கு வந்து சொல்கிறேன்" என்று சொல்ல அவரை இப்போதே பழக்குங்கள்.