தம்பியின்ர குடிக்கு ஆப் வாங்க முதல் இதைப் பாருங்கோ

கோண்டாவிலில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: முள்ளிவாய்க்காலால வந்த தம்பி இப்பவும் சாமத்தில அலறிக்கொண்டு எழும்புறான், சீனவெடி கேட்டாலே பதகளிக்கிறான், நித்திரை வரட்டும் எண்டு தொடங்கின சாராயம் இப்ப பகலிலயும், பேஸ்புக்கில ஒருத்தர் ஆப் ஒண்டால 21 நாளில ரெண்டையும் நிப்பாட்டித் தாறன் எண்டு முழுக்காசையும் முன்னுக்கே கேக்கிறார், கட்டலாமோ எண்டு.

கட்டாதேங்கோ அக்கா.

ஆப், வீடியோ கோல் மூலமா வைத்தியம் எண்டது பொய்யில்லை. அமெரிக்காவில முன்னாள் படைவீரருக்கான அரச திணைக்களம் 2011இல விட்ட பிடிஎஸ்டி கோச் எண்ட ஆப் (பிடிஎஸ்டி எண்டா யுத்தம் மாதிரிப் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மாறாம நிக்கிற பயமும் கெட்ட கனவும்) முழுக்க இலவசம், பேர்கூடப் பதியத் தேவையில்லை, பதட்டம் வரேக்க செய்யிற மூச்சுப் பயிற்சியெல்லாம் அதில இருக்கு. இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்கள் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கலாம். ஆனா அதைச் செய்தவையே இது டொக்டருக்குப் பதில் இல்லை எண்டுதான் சொல்லுகினம். தனிய ஆப்பைக் குடுத்தா கனபேர் பாதியில விட்டிடுவினம், இடைக்கிடை ஒராள் எடுத்து விசாரிச்சாத்தான் தொடருவினம். 21 நாள் கணக்கெல்லாம் காசு பறிக்கிற கதை.

அதைவிட மோசம், சாப்பாட்டில தெரியாமக் கலந்து குடுங்கோ எண்டு பவுடர் விக்கிறவை. அது டைசல்ஃபிராம் எண்ட, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமப் பண்ணுற மருந்தா இருந்தா, அதுக்கு மேல குடிச்சவருக்கு பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டொக்டர் தாறதெண்டாலும் ஆளுக்குச் சொல்லித்தான் குடுக்கவேணும்.

இப்ப சொல்லுறதை வடிவாக் கவனியுங்கோ. காலமை எழும்பின உடன தேத்தண்ணிக் கோப்பையைச் சிந்தாமப் பிடிக்க ஏலாம கை நடுங்கி, ஒரு பெக் போட்டாப் பிறகுதான் நிக்குதெண்டா, எந்த ஆப்பும் சரிவராது, வீட்டில வைச்சுத் திடீரெண்டு நிப்பாட்டவும் கூடாது. கடைசியாக் குடிச்சு 6 தொடக்கம் 48 மணித்தியாலத்துக்குள்ள வலிப்பு வரலாம், 2, 3 நாளில ஆள் மாறாட்டமாக் கதைக்கத் தொடங்கலாம், அது சாவிலயும் முடியும். இப்பிடியான ஆளை வார்டில வைச்சு, குளிசையும் வைட்டமின் பி1உம் குடுத்துத்தான் நிப்பாட்டுறது. பூட்டி வைச்சா மாறீடும் எண்டு அயலட்டையில சொல்லுவினம், கேக்காதேங்கோ.

யாழ் போதனா வைத்தியசாலை, இல்லாட்டி தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காசில்லை. போக முதல் கதைக்க 1926 எண்ட மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கு. சில இடத்தில முதல் குடியை விட்டிட்டு வா, பிறகு மனசைப் பாப்பம் எண்டு திருப்பி விடுவினம், எனக்கு இதைக் கேட்டாலே கோவம் வரும், அந்தப் பயத்துக்காகத்தானே அவர் குடிக்கிறார்! ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கவேணும். அதால எவ்வளவு குடிக்கிறார், எத்தினை மணிக்குக் கெட்ட கனவு வருது எண்டு ரெண்டையும் ஒரே பேப்பரில எழுதிக்கொண்டு போய் டொக்டரிட்டக் குடுங்கோ, ஆப்பையும் காட்டி இதில எதைச் செய்விக்கலாம் எண்டு அங்கயே கேளுங்கோ.