காரைக்குடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பைத்தான் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, கோடை ஏற்றிவைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கோட் ரிவ்யூ செய்து, அதாவது எழுதியதைப் படித்துக் குறிப்புப் போட்டு, சொல்லித்தரலாமா? பயந்துவிட மாட்டார்களா?

தாராளமாகச் செய்யலாம். காரைக்குடியில் மாலை வகுப்பு என்கிறீர்கள். கல்லூரிப் பிள்ளைகள், பாதிப் பேரிடம் லேப்டாப் இருக்காது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிள்ளைகள் பயப்படுவது ரிவ்யூவுக்கு அல்ல, ஒரே பிஆரில் (புல் ரெக்வெஸ்ட், 'என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை) வந்து விழும் இருபது கமென்டுக்கு.

"இரண்டாம் மாதப் பையனுக்கு பிஆர் எதற்கு, அதெல்லாம் கம்பெனி சமாச்சாரம்" என்று கீழே யாராவது வருவார்கள். கடையில் பெட்டியடிப் பையன் எழுதியதை அடுத்தாள் பார்க்காமல் பேரேட்டில் ஏற்றுவார்களா? நம் ஊரில் அவ்வளவு சொன்னால் போதும்.

கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளின் கமாண்டுகளில் ஆரம்பிக்காதீர்கள். பைத்தானோடு வரும் ஐடிலில் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டு, கிட்ஹப்பில் அந்தக் கோப்பைத் திறந்து, பென்சில் படத்தை அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். கமிட் செய்யும்போது (மாற்றத்தைப் பதியும்போது) புதிய பிராஞ்ச் (தனிக் கிளை) என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிஆர் பக்கம் தானே வரும். ஆளுக்கு ஒரு பிரைவேட் ரெப்போ (வெளியார் பார்க்க முடியாத கோடுக் கிடங்கு). 2020 ஏப்ரல் முதல் இலவசக் கணக்கிலேயே அதில் எத்தனை பேரையும் சேர்க்கலாம். பிராஞ்ச் புரொடக்‌ஷன் (மெயின் என்னும் முதன்மைக் கிளையில் நேரே எழுதவிடாமல் தடுக்கும் வசதி) மட்டும் பிரைவேட் ரெப்போவில் காசுக்குத்தான். மெயினில் நேரே போடாதே என்று வாயால் சொல்லிவைக்க வேண்டும். பிஆர் பிள்ளையின் கணக்கிலிருந்தே வரட்டும். நீங்களே போட்டுக்கொடுத்தால் உங்களால் அப்ரூவ் செய்ய முடியாது.

ஒரு பிஆருக்கு 50 வரிக்கு மேல் வேண்டாம். இடைவெளி, வரி நீளம் பற்றி நீங்கள் வாயே திறக்காதீர்கள், கோடை ஒழுங்குபடுத்தும் பிளாக் (Black) கருவியை ஓட்டிவிட்டு அனுப்பச் சொன்னால் தீர்ந்தது. கமென்ட் அதிகம் போனால் மூன்று. முதலில் விடை தப்பாக வரும் இடம், பிறகு பெயர்கள், மற்றது அடுத்த பிஆருக்கு. சராசரி மதிப்பெண் கணக்கிடும் ஃபங்ஷனில் கூட்டுத்தொகையை, லிஸ்டில் எத்தனை இருக்கிறது என்று சொல்லும் லென்னால் வகுத்திருப்பான். "காலி லிஸ்ட் சரிபார்க்கவும்" என்று எழுதினால் ஒரு இஃப் போட்டுவிட்டுப் போய்விடுவான். "லிஸ்ட் காலியாக வந்தால் 12ஆம் வரியில் என்ன நடக்கும்? ஓட்டிப் பார்த்து வந்த எரரை இங்கே ஒட்டு" என்று எழுதுங்கள். ஜீரோ டிவிஷன் எரரை அவனே கண்ணால் பார்ப்பான். திருத்திய வரியை நீங்களே எழுதிக்கொடுக்கும் சஜஷன் பொத்தான் எழுத்துப்பிழைக்கு மட்டும். லாஜிக்கில் போட்டால் ஒரே கிளிக்கில் ஏற்றுக்கொண்டு படிக்காமலே போய்விடுவான்.

கமென்டுகளை 'ஸ்டார்ட் எ ரிவ்யூ' வழியாகவே போடுங்கள், கடைசியில் மொத்தமாகப் போகும். 'சிங்கிள் கமென்ட்' அழுத்தினால் ஒவ்வொன்றும் உடனே தனித்தனி மெயில். நீங்கள் முடிப்பதற்குள் அவன் பாதி திருத்தியிருப்பான்.

கிட்டை கம்ப்யூட்டரில் போட்ட பிறகு இரண்டு தொல்லை வரும். ஒரு வரி மாற்றியதற்கு முழுக் கோப்பும் சிவப்பும் பச்சையுமாக வந்தால் அது பெரும்பாலும் விண்டோஸ், லினக்ஸ் வரிமுடிவு வித்தியாசம்தான். கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லாக் கோப்புக்கும் டெக்ஸ்ட் ஆட்டோ (* text=auto) என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அடுத்தது, அமெண்ட் செய்து (பழைய கமிட்டையே மாற்றி) ஃபோர்ஸ் புஷ் பண்ணுவது (பழையதன் மேலேயே ஏற்றுவது). முன்பு எழுதியது எது, திருத்தியது எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். திருத்தம் புதிய கமிட்டாகவே வரட்டும், மெர்ஜ் செய்யும்போது (மெயினில் சேர்க்கும்போது) எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக ஸ்குவாஷ் செய்துகொள்ளலாம்.

ஒருவர் கோடை ஒருவர் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் சும்மா விட்டால் "சூப்பர் மச்சி" என்பதோடு முடிந்துவிடும். என்ன இன்புட் கொடுத்தேன், என்ன அவுட்புட் வந்தது என்று எழுதாத ரிவ்யூ செல்லாது என்று சொல்லிவிடுங்கள். தானியங்கி ஏஐ ரிவ்யூவை அணைத்து வையுங்கள். உங்கள் மூன்று கேள்வியும் அதில் மூழ்கிவிடும்.

இத்தனையும் செய்தாலும், அதே பிள்ளை ரெகார்டு நோட்டில் முழு புரோகிராமையும் கையால் எழுதிக்கொண்டிருக்கும். எழுதினது ஓடுமா என்று யாரும் பார்ப்பதில்லை, சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு கையெழுத்து. அந்த நேரத்தில் எத்தனை பிஆர் போட்டிருக்கலாம்! இதைச் சொன்னால் ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்பார்கள். ஆசிரியர்களைச் சொல்லவில்லை, அந்த நோட்டைத்தான் சொல்கிறேன். உங்களிடம் யாராவது ரெகார்டு கேட்டால் மெர்ஜ் ஆன பிஆர் பக்கத்தைக் கமென்டோடு பிரின்ட் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.