எழுத்து மையத்தில் ஆய்வேட்டின் பிழையைத் திருத்தித் தரவில்லையா?

வணக்கம். ஜப்பானின் வசேதா பல்கலைக்கழக எழுத்து மையத்துக்கு 40 பக்க ஆங்கில ஆய்வேட்டைக் கொண்டுபோனீர்கள், 45 நிமிடத்தில் இரண்டு பக்கம்தான் நகர்ந்தது, பிழையும் திருத்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. 2004இல் தொடங்கிய அந்த மையம் பிழைதிருத்தும் இடமே அல்ல. ட்யூட்டர் கேள்வி கேட்பார், திருத்த வேண்டியது நீங்கள்.

அடுத்த முறை மூன்று பக்கம் போதும், அதுவும் முடிவுகளை அலசும் அத்தியாயத்திலிருந்து. முந்தைய நாளே ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்லும் கருத்தைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் அடங்காத பத்தியை இரண்டாக உடைக்கவேண்டும். ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் ஒன்றை வெட்டலாம். பேராசிரியர் 'தெளிவில்லை' என்று குறித்தவை பெரும்பாலும் இந்தப் பத்திகளாகத்தான் இருக்கும். இலக்கணத்தை மட்டும் சரிசெய்தால் அந்தக் குறை தீராது. அவர் குறிப்புகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

இலக்கணத்துக்கும் வழி உண்டு. 'ஒரு பத்தியில் நான் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு பிழையைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். ஆங்கிலத்தின் 'எ' (a), 'த' (the) தமிழில் கிடையாது என்பதால் நமக்கு அங்கேதான் அதிகம் சறுக்கும்: முதலில் சொல்லும்போது 'எ சர்வே', அடுத்த வரியிலிருந்து 'த சர்வே' என்று வரவேண்டும். வகை பிடிபட்டதும் மீதிப் பக்கங்களில் அதை மட்டும் தேடித் திருத்துங்கள்.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் நேரம் கிடைப்பது கடினம், இப்போதே பதிவு செய்யுங்கள். முழு ஏட்டுக்கும் மொழித்திருத்தம் வேண்டுமென்றால் கட்டணச் சேவைதான். உங்கள் துறையில் அதற்கு அனுமதி உண்டா என்று பேராசிரியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.